அக்கா நின்ற இடம்

அக்காவைக் குழுவிலிருந்து எடுத்துவிடலாம் என்று முதலில் வாயைத் திறந்தவன் கம்பிதான். வேறு யாராவது முந்திக்கொண்டு சொல்லியிருந்தால் மனசு இந்தப் பாடு பட்டிருக்காதோ என்று பிற்பாடு எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்தான். ஆனால் வேறு யாருக்கும் அந்தத் துணிச்சல் இருந்திருக்காது. குழுவை ஆரம்பித்ததே அக்காதான்.

கம்பி என்பது பட்டப்பெயர். ஆள் ஒல்லி, கையில் கிடார். இரண்டுக்கும் பொருந்தியதால் ஒட்டிக்கொண்டது. பகலில் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் சட்டம் அறுக்கிற வேலை. வாரக்கடைசியில் சாயங்காலம் ஒரு பெரிய ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் கிடார் வாசிப்பான். பாடுவது அவன் கூடப்பிறந்த அக்கா. டிரம்ஸ் அடிப்பது அத்தான், அதாவது அக்காவின் புருஷன். பேஸ் கிடார்காரரை எல்லோரும் வாத்தியார் என்பார்கள், பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவர். குழு அவ்வளவுதான். வீட்டுச் சண்டையும் பாட்டுச் சண்டையும் ஒரே வேனில் ஏறி ஒரே வேனில் இறங்கும்.

அக்காவுக்கு நல்ல குரல். அலட்டிக்கொள்ளாமல் பாடுவாள், கேட்கிறவர்கள் கரண்டியைச் சத்தமில்லாமல் தட்டில் வைப்பார்கள். அந்தக் குரலில்தான் கொஞ்ச காலமாக ஏதோ கோளாறு. முதல் சில பாட்டுகள் சுத்தமாக இருக்கும். அப்புறம் கத்த ஆரம்பிப்பாள். சுருதி நழுவும். இடைவேளையில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுவாள்.

"உன் கிடார் சத்தத்தைக் கொஞ்சம் குறைடா. தலைக்குள்ள ஊசி ஏத்துற மாதிரி இருக்கு" என்று அவள் கேட்டபோதெல்லாம் கம்பிக்குச் சுள்ளென்று வரும். ஆட வராதவளுக்குத் தரை கோணலாம் என்று வாத்தியாரிடம் முணுமுணுப்பான்.

மேடை என்று பெயர்தானே தவிர, அது கூடத்தின் மூலையில் ஒரு முழ உயரத் திண்டு. டிரம்ஸ் வைத்தது போக மிஞ்சிய இடத்தில் ஆள் நிற்பதே பெரிய காரியம். அதனால் கம்பியின் கிடார் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப் பெட்டியைப் பின்சுவரில் இருந்த மரத்தட்டில் தூக்கி வைத்திருந்தார்கள். அக்கா அதற்கு நேர் முன்னால் நிற்பாள். கம்பி ஓரமாக, பெட்டிக்குப் பக்கவாட்டில். பெட்டியின் முகப்பில் வரிசையாகக் குமிழ்கள்: அடிச்சத்தத்துக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, உச்சிக்கு ஒன்று. உச்சிக் குமிழுக்குப் பெயர் ட்ரெபிள். அதைக் கூட்டினால் கிடார் பளிச்சென்று மினுங்கும். கம்பிக்கு அந்த மினுக்கம் இல்லாமல் வாசிக்கவே பிடிக்காது. வருஷம் போகப் போகக் குமிழ் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் நகர்ந்துகொண்டே வந்தது. நகர்த்தியது தன் கைதான் என்பதைக்கூட அவன் கவனித்ததில்லை.

ஒருநாள் பாட்டுக்கு நடுவே அக்கா திரும்பிப் பார்த்துக் கையால் ஜாடை காட்டினாள், குறை என்று. கம்பி குமிழில் கை வைத்தான். திருப்பவில்லை. சும்மா தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். அக்கா தலையை ஆட்டினாள்.

"பாத்தீங்களா வாத்தியாரே? இப்ப பரவாயில்லையாம். எல்லாம் மனப்பிராந்தி" என்றான் இடைவேளையில். வாத்தியார் சிரித்தார். அதற்கப்புறம் அது வழக்கமாகவே போய்விட்டது. அவள் ஜாடை காட்டுவாள், இவன் குமிழைத் தொடுவான்.

கடைசியில் ஓட்டல் மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னார், பாட்டு முன்ன மாதிரி இல்லையே என்று. கம்பி அதைப் பிடித்துக்கொண்டான். அடுத்த ஒத்திகை முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னான்:

"அக்கா, தப்பா எடுத்துக்காத. உனக்குக் குரல் போச்சு. கொஞ்ச நாளைக்கு வேற யாரையாவது பாட வைப்போம்."

வாத்தியார் டீயை ஊதினார். அத்தான் குனிந்து டிரம்மின் நட்டை முறுக்கினார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. அக்கா இரண்டு பேரையும் ஒரு தரம் பார்த்தாள். தம்பியைப் பார்க்கவில்லை.

"சரி" என்றாள். மைக் ஒயரை முழங்கையில் சுற்றிச் சுருட்டி, வழக்கம்போல் கயிறு போட்டுக் கட்டிப் பெட்டிக்குள் வைத்தாள். வீட்டு வாசலில் வேனிலிருந்து இறங்கும்போது, "இனிமே சாயங்காலம் காலாட்டிக்கிட்டு இருக்கலாம்" என்றாள். கம்பி அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டான். அப்படி எடுத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

புதிதாக வந்த பெண் பகலில் பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறவள். வெடுக்கென்று பேசுவாள், நன்றாகவே பாடுவாள். முதல் வாரம் மேனேஜரே வந்து கைகுலுக்கினார். கம்பிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதானே என்று எல்லோரையும் கேட்காமல் கேட்டுக்கொண்டு திரிந்தான்.

சில வாரம் போனது. பாடும்போது அந்தப் பெண் இடது காதை ஒரு விரலால் பொத்திக்கொள்ள ஆரம்பித்தாள். அப்புறம் பஞ்சு வைத்தாள். அதற்கும் அப்புறம் உச்ச இடங்களில் கத்தினாள். சுருதி நழுவியது. கம்பி வாத்தியாரைப் பார்த்தான். வாத்தியார் இந்தத் தரம் சிரிக்கவில்லை.

இடைவேளையில் அவள் நேராக அவனிடம் வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. உங்க கிடார் முதல் பாட்டுல கண்ணாடி மாதிரி இருக்கு. போகப் போகக் கண்ணாடித் துண்டு மாதிரி ஆயிடுது. நான் நாள் முழுக்கப் பல்லைக் குடையுற மெஷின் பக்கத்துல நிக்கிறவ. அதுகூட என்னை இப்படிப் படுத்தினதில்லை."

"பழகிடும்மா."

"பழகாதுண்ணே. கூடத்தான் செய்யுது. எனக்கு முன்னாடி பாடின அக்கா இதை எப்படித் தாங்கினாங்க?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். தண்ணீரைக் குடித்துவிட்டு மேடைக்குப் போய்விட்டாள். கம்பிக்கு அன்று மீதிப் பாட்டுகளில் விரல் ஓடவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து ஓட்டல் ஓய்ந்திருந்த நேரத்தில் அவன் தனியாகப் போனான். வாசித்ததைப் பதிந்துகொண்டு திரும்பத் திரும்ப ஒலிக்கிற சின்னப் பெடல் ஒன்று அவனிடம் உண்டு. வழக்கமாக வாசிக்கிற ஒரு துண்டை வாசித்து, அதை ஓடவிட்டு, மேடையில் அக்கா நின்ற இடத்தில் போய் நின்றான். மரத்தட்டில் இருந்த ஆம்ப் அங்கே சரியாகப் பின்மண்டை உயரத்தில் இருந்தது.

முதலில் நன்றாகவே இருந்தது. இன்னும் சொன்னால், அவன் வழக்கமாக ஓரத்தில் நின்று கேட்பதைவிடப் பளிச்சென்று இருந்தது. இதுக்கா இவ்வளவு என்று நினைத்தான். ஒவ்வொரு மீட்டலும் கழுவித் துடைத்த எவர்சில்வர் பாத்திரம்போல மின்னியது. ரசித்துக்கொண்டு நின்றான்.

கொஞ்ச நேரத்தில் பல் கூச ஆரம்பித்தது. தோள் தானாகக் காதுப் பக்கம் ஏறியது. சத்தம் மாறவில்லை, அதே துண்டுதான், அதே அளவுதான். ஆனால் ஒவ்வொரு தரமும் அதே இடத்தில் அதே முனை வந்து குத்தியது. புண் இருக்கிற இடத்திலேயே கை படுவதுபோல. இன்னும் கொஞ்சம் நின்றால் பெட்டியை எட்டி உதைத்துவிடுவோம் என்று தோன்றியபோது ஓடிப்போய் நிறுத்தினான். கூடம் அமைதியானது. அவன் காதுக்குள் மட்டும் கொய்ங் என்று ஏதோ நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

இவ்வளவுக்கும் அவன் நின்றது ஒரு கச்சேரியின் கால்பாகம்கூட இல்லை. அக்கா அங்கே வருஷக்கணக்காக நின்றிருக்கிறாள். நின்றது மட்டுமா, சிரித்த முகமாகப் பாடவும் செய்திருக்கிறாள்.

மேசைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்த சர்வர் தூரத்து மேசையிலிருந்து எழுந்து வந்தார். "முடிஞ்சுதா சார்? நான் அதான் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன்."

"உங்களுக்கும் குத்துதா?"

"அந்தப் பெட்டிக்கு நேரா இருக்கிற மேசையை நாங்க யாருக்கும் குடுக்கிறதில்ல சார். உட்கார்ந்தவங்க பாதிச் சாப்பாட்டுல எழுந்து வேற இடம் கேப்பாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, அவனுக்கு மட்டும் தெரியவில்லை.

அங்கேயே நின்று ட்ரெபிளைக் குறைத்தான். உடனே கிடார் கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிட்டது. கூட்டினான், உயிர் வந்தது. எது சரி என்று அவனால் சொல்ல முடியவில்லை. நீண்ட நேரம் அந்தக் குமிழைப் பிடித்தபடி நின்றிருந்தவனுக்கு, தன் காதைத் தானே நம்ப முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த வாரமே காது பரிசோதிக்கிற இடத்துக்குப் போனான். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றாள் சோதிக்கிற பெண். அழுத்தினான், அழுத்தினான், அப்புறம் வெகுநேரம் சத்தமே வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது போலிருக்கிறது என்று கண்ணாடி வழியாகக் கையாட்டினான். அவள் தலையசைத்து, இல்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றாள்.

வெளியே வந்ததும் கேட்டாள்: "என்ன வேலை பாக்குறீங்க?"

"அலுமினியம் அறுக்கிறேன்."

"காதுக்கு எதுவும் போட்டுக்கிறதில்லையா?"

"குடுத்திருக்காங்க. வேர்க்குதுன்னு போடலை."

அவள் திட்டவில்லை. கீச்சுச் சத்தமெல்லாம் இருக்கிற உச்சிப் பகுதியில் அவனுக்குக் கேட்கும் சக்தி நிறையக் குறைந்துவிட்டது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நிதானமாக விளக்கினாள். கம்பிக்குத் தன் காதைப் பற்றி அப்போது பெரிதாகக் கவலை வரவில்லை. வேறொன்று கேட்டான்.

"நல்ல காது உள்ளவங்க, கூர்மையான சத்தத்துக்கு நேரா ரொம்ப காலம் நின்னா என்ன ஆகும்?"

"ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி. சிலருக்குக் காதுல இரைச்சல் தங்கிடும், போகாது. சின்னச் சத்தமே தாங்காது. யாருக்குக் கேக்குறீங்க?"

"பாடுறவங்களுக்கு."

"பாவம், அவங்க குரலே அவங்களுக்குச் சரியாக் கேட்டிருக்காது. அதை மீறித்தான் கத்தியிருப்பாங்க."

கம்பி அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போகவில்லை. போக நினைத்து, பாதி வழியில் பட்டறைக்குத் திரும்பிவிட்டான். மறுநாளும் ஏதோ சாக்கு. குமிழைத் தொட்டுவிட்டு எடுத்த அந்த விரல்களைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது. தெரியாமல் செய்தது ஒரு பக்கம். அதற்கு மன்னிப்பு கேட்டுவிடலாம். தொட்டுவிட்டுச் சிரித்தது தெரிந்து செய்தது.

வாரக்கடைசிக்கு முன்னால் ஒருநாள் காலையில் துணிந்து போனான். கதவைத் திறந்தது அத்தான். முகத்தைப் பார்த்ததும் ஏதோ புரிந்தவர்போல வழி விட்டார். குளிரான நாள், ஆனாலும் அக்கா துணி இஸ்திரி போடுகிற மேசையில் காதோரமாக ஒரு டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்குக்கா ஃபேன்?"

"அது ஓடினா இது கேக்காது" என்று காதைத் தொட்டுக் காட்டினாள். சொல்லிவிட்டுச் சட்டைக் காலரை அழுத்தித் தேய்த்தாள்.

அவன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். பல் கிளினிக் பெண் சொன்னது, அக்கா நின்ற இடத்தில் தான் போய் நின்றது, காது பரிசோதனை, எல்லாம். கடைசியில் அதையும் சொன்னான்.

"நீ குறைக்கச் சொன்னப்பல்லாம் நான் குறைக்கலைக்கா. குமிழைத் தொட்டுட்டு விட்டுட்டேன். நீ தலையாட்டினதைச் சொல்லி வாத்தியார்கிட்ட சிரிச்சேன்."

"தெரியும்."

"என்னது?"

"தெரியும்டா. காது என்னுது. குறைஞ்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? சாப்பிடுறவங்க முன்னாடி தம்பிகூட மல்லுக்கு நிக்கிறதான்னு தலையாட்டி வச்சேன்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அதுகூட எனக்குப் பெருசில்ல. சின்ன வயசுலேர்ந்து நீ அப்படித்தான், கைகழுவச் சொன்னா குழாயைத் திறந்து சத்தம் மட்டும் காட்டுவ. ஆனா எல்லாரையும் வச்சுக்கிட்டுக் குரல் போச்சுன்னு சொன்னியே, அதை நான் நம்பிட்டேன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன். அன்னையிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் குளிக்கிறப்பகூட நான் வாய் திறந்து பாடலை. கேட்டுப் பாரு உங்க அத்தானை."

அத்தான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர் மட்டும் என்ன" என்றாள். "நட்டு முறுக்கினாரு. வாரா வாரம் கிளம்பிப் போனாரு. வந்ததும் எப்படிப் போச்சுன்னு நான்தான் கேக்கணும்."

"தப்புதான்" என்றார் அத்தான், மிக மெதுவாக.

"திரும்ப வந்துடுக்கா" என்றான் கம்பி.

"அந்தப் பொண்ணை என்ன பண்ணுவ? அவளுக்கும் குரல் போச்சுன்னு சொல்வியா?"

ஒரு தப்பைச் சரிக்கட்ட இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்று அவனுக்குப் புரிந்தது. அக்கா அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள்.

"எல்லார் முன்னாடியும் சொன்னதை எல்லார் முன்னாடியும் வாபஸ் வாங்கு" என்றாள். "மத்ததை அப்புறம் பாக்கலாம்."

அடுத்த ஒத்திகையில் வாபஸ் வாங்கினான். மேனேஜரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொன்னான்: அக்காவுக்குக் குரல் போகவில்லை, எனக்குத்தான் காது போய்விட்டது, அது எனக்கே தெரியாமல் மறைத்தது என் திமிர், குமிழைத் தொட்டுத் தொட்டு ஏமாற்றினேன். சொல்லும்போது காது மடல் சுட்டது. வாத்தியார் தரையைப் பார்த்தபடி, "நானும் சிரிச்சேன்" என்றார். பல் கிளினிக் பெண் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

அக்கா ஒரு மதியம் ஓட்டலுக்கு வந்தாள், பாட அல்ல. ஆம்பை மரத்தட்டிலிருந்து இறக்கச் சொன்னாள். கம்பியின் காலடியில் வைத்து, அடியில் கட்டை கொடுத்து, அவன் முகத்தைப் பார்க்கும்படி சாய்க்கச் சொன்னாள். "நீ அனுப்புறது முதல்ல உனக்கு வரட்டும்." பிறகு போய் யாருக்கும் கொடுக்கப்படாத அந்த மேசையில் உட்கார்ந்தாள்.

"வாசி. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத."

கச்சேரியில் வாசிப்பதை வரிசையாக வாசித்தான். கொஞ்சம் கொஞ்சமாக ட்ரெபிளைக் குறைக்கச் சொன்னாள், நடுக் குமிழைக் கூட்டச் சொன்னாள், மொத்தச் சத்தத்தையும் ஒரு படி இறக்கச் சொன்னாள். நன்றாயிருக்கிறது என்று ஒரு இடத்தில் சொன்னதும் கம்பி கையை எடுக்கப் போனான்.

"நிறுத்தாதன்னேனே. ஒரு பாட்டுக்கு நல்லா இருந்தா ஆச்சா? சாப்பிட வந்தவன் கைகழுவிட்டுப் போற வரைக்கும் நல்லா இருக்கணும்."

மறுபடியும் முதலிலிருந்து. இடையில் அவள் எழுந்து ஒவ்வொரு மேசையாகப் போய் உட்கார்ந்தாள், மேடையில் பாடுகிறவர் நிற்கும் இடத்திலும் போய் நின்றாள். இரண்டு தரம் முகம் சுளித்தாள். இரண்டு தரமும் ட்ரெபிள் இன்னும் இறங்கியது. ஒருதரம் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவள் திரும்பி வரும்வரை கம்பி கிடாரை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். இந்த வேலைக்கு அவள் காதையே திரும்பவும் கேட்டு வாங்குகிறோமே என்று நினைத்தபோது எழுந்து போய்விடலாம் போலிருந்தது. வேறு யார் காதைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

முடிந்தபோது சர்வர்கள் ராத்திரிக்கு மேசை விரிக்க வந்துவிட்டார்கள். அவர்கள் அந்த நேர் மேசைக்கும் துணி விரித்தார்கள். கம்பியின் காதுக்கு அவன் கிடார், அடுத்த வீட்டில் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பதுபோல் கேட்டது. மினுக்கம் என்ற பேச்சே இல்லை.

"இதுவா நல்லா இருக்கு?" என்று கேட்டான்.

"இதுதான் நல்லா இருக்கு."

"சரி" என்றான்.

அப்புறம் அதே அளவில்தான் கச்சேரி நடந்தது. பல் கிளினிக் பெண் பஞ்சை விட்டுவிட்டாள். அவளே ஒருநாள் அக்கா வீட்டுக்குப் போய்ப் பேசினாள். என்ன பேசினார்கள் என்று கம்பிக்குத் தெரியாது. சில மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வந்து ஒன்றிரண்டு பாட்டுப் பாட ஆரம்பித்தாள். மெதுவான பாட்டுகள் மட்டும். குரல் அதே குரல்தான், நழுவவில்லை. ஆனால் டிரம்ஸ் வேகமெடுக்கிற பாட்டு வந்தால் அவள் இறங்கிப்போய் வெளி வராந்தாவில் உட்கார்ந்துகொள்வாள். அத்தான் குச்சியை விட்டுவிட்டு, சத்தம் மெதுவாக வரும் பிரஷ்ஷால் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது வேனில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வருவது கம்பியின் வழக்கமானது. வேனில் ஏறியதும் ஒவ்வொரு வாரமும் கேட்பான்: "இரைச்சல் எப்படிக்கா இருக்கு?" குறைஞ்சிருக்கு என்று ஒருதரமாவது சொல்ல மாட்டாளா என்று வாயைப் பார்ப்பான். "இருக்கு" என்பாள்.

ஒருநாள் அப்படிக் கேட்டபோது அவள் சீட்டில் திரும்பி உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா? நீ இதைக் கேக்காம இரு. சில நேரம் நானே அதை மறந்து இருக்கேன். நீ கேட்டதும் ஞாபகம் வந்துடுது."

"உன் மேல அக்கறையில கேட்டேன்க்கா."

"உன் மனசு ஆறணும்னு கேக்குற. எனக்குப் புரியுது. ஆனா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

கோபமில்லாமல்தான் சொன்னாள். கம்பி கையைக் கண்ணாடியில் வைத்து வெளியே பார்த்தான். முன்சீட்டில் அத்தான் வண்டியை மெதுவாக ஓட்டினார்.

"அடுத்த வாரம் என்ன பாடப் போற?" என்று கேட்டான் கொஞ்சம் கழித்து.

அக்கா யோசித்தாள். ஒரு பாட்டைச் சொன்னாள். அதன் சுருதியை அரைக் கட்டை இறக்கி வாசிக்க முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றான். வீடு வரும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள்.